அழகர் தினமும் இறங்குகிற வீடு

மதுரை,
பங்குனிக் கடைசி.

அன்பு மகள் மீனாவுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீ, மாப்பிள்ளை, யாழினி எல்லோரும் நலமாக இருக்க மீனாட்சி துணை. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பெரியத்தை பேத்திக்கு வைகாசியில் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, பத்திரிகை அடித்ததும் வாட்ஸாப்பில் வரும். தண்ணி மோட்டார் மறுபடி ரிப்பேராகிச் சரி செய்தாயிற்று. மற்ற சேதியெல்லாம் கடைசியில் எழுதுகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நீ போனை எடுப்பது ஆபீஸ் கிளம்புகிற நேரத்தில். நான் ஒன்றை ஆரம்பிப்பதற்குள் "அப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதில்லை. குறையாகச் சொல்லவில்லை, உன் வேலை அப்படி. எழுதினால் நீ ஒழிந்த நேரத்தில் படித்துக்கொள்வாய். எனக்கும் நடுவில் தொண்டையைச் செருமிப் பேச்சை மாற்றுகிற வழி அடைபடும்.

விஷயம் பாப்பாவின் ஹெட்செட், கண்ணில் மாட்டினால் சுற்றிலும் படம் தெரிகிற அந்த வி.ஆர். பெட்டி.

அன்றைக்கு நீ போனை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாய் அல்லவா, அப்போது அவள் கேட்டாள்: "தாத்தா, நம்ம ஆத்துல நின்னோம்ல, அழகர் பாக்க? அப்ப தங்கக் குதிரை வந்துச்சுல்ல?"

"எப்பம்மா?" என்றேன்.

"அன்னிக்குத்தான். நீங்க, அம்மாச்சி, நானு, அப்பா. அவரு பச்சை டிரெஸ் போட்டிருந்தாரு."

யாழினி மதுரைக்கு வந்தது ஒரே தடவை, அதுவும் மார்கழியில், காது குத்த. அப்போது அவள் தோளில் தூங்குகிற குழந்தை. சித்திரைத் திருவிழாவுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாம் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். சும்மா ஆழம் பார்க்க, "கூட்டத்துல எப்படிம்மா தெரிஞ்சுச்சு? யாரு தோள்ல உக்காந்து பாத்தே?" என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில் இன்னும் காதிலேயே இருக்கிறது. "தோள்லாம் இல்ல தாத்தா. நானே எல்லாரையும்விட உசரமா இருந்தேன்."

கேமராவைக் கம்பத்தில் ஏற்றி எடுத்திருக்கிறார்கள். பிள்ளை அந்த உயரத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

அதோடு விட்டாளா? "அப்பாவுக்குத்தான் கால் இல்ல தாத்தா. இடுப்பு வரைக்குந்தான் இருப்பாங்க. கை ரெண்டும் இருக்கு, எனக்கு டாட்டா காட்டுவாங்க." பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா அப்படியே நிமிர்ந்துவிட்டாள். பேய்க்குத்தான் கால் தரையில் பாவாது என்று கேட்டு வளர்ந்தவள் அல்லவா? அது கம்ப்யூட்டர் பொம்மை, சில ஆட்டங்களில் ஆளுக்கு இடுப்புக்குக் கீழே போடமாட்டார்கள் என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். பாப்பா சொன்னதில் பாதியைத்தான் அம்மாவிடம் சொன்னேன். "அப்பா அவங்க வீட்லருந்து மாட்டிக்குவாங்க, நான் நம்ம வீட்லருந்து மாட்டிக்குவேன்" என்று சொன்னதைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா ஏதாவது கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதை விடு. நீ வந்து போனை வாங்கி, "வி.ஆர்.ல பாத்தாப்பா, பெருசா எடுத்துக்காதீங்க" என்று முடித்துவிட்டாய். நான் பெரிதாகத்தான் எடுத்துக்கொண்டேன். நான் எழுத வந்தது கண்ணைப் பற்றி, அதில் ஆரம்பிக்கிறேன்.

மேலமாசி வீதி மூக்குக்கண்ணாடிக் கடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்து நான் செய்தது என்ன? இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, அதற்கு நேராக லென்ஸின் நடுவை நிறுத்தியதுதானே. அந்த ஹெட்செட்டிலும் சூத்திரம் அதுவேதான். ஆளுக்கு இரண்டு கண், இரண்டும் ஒரே பொருளைக் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன, மூளை இரண்டையும் சேர்த்து ஆழம் காண்கிறது. இங்கிலாந்தில் வீட்ஸ்டோன் என்பவர் 1838-இலேயே முகம் பார்க்கிற கண்ணாடி வைத்து இரண்டு படத்தை இரண்டு கண்ணுக்குத் தனித்தனியாகக் காட்டி, காகிதத்தில் இல்லாத ஆழத்தை மூளைக்குள் உண்டாக்கிக் காட்டினார். நீ சின்ன வயதில் கண்ணில் வைத்து ‘டிக் டிக்’ என்று அமுக்கித் தாஜ்மகால் பார்ப்பாயே, அந்தச் சிவப்புப் பெட்டியும் அந்த வழி வந்ததுதான்.

இப்போது உள்ளதில் படம் தலையோடு திரும்புகிறது. 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து என்பவர் இதைச் செய்தபோது, தலையில் மாட்டுகிற கருவியைக் கூரையிலிருந்து இரும்புக் கம்பியில் தொங்கவிட வேண்டியிருந்ததாம். அன்றைக்குத் தெரிந்தது கோடு கோடாக ஒரு கட்டம். இன்றைக்கு உன் மகள் அதைத் தொப்பி மாதிரி எடுத்து மாட்டிக்கொள்கிறாள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. இந்தக் கருவிக்குள் திரை கண்ணிலிருந்து நாலு விரற்கடைக்குள் இருக்கிறது. லென்ஸ் அதைத் தள்ளி, ஒன்றரை இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதுபோல் ஆக்குகிறது. பார்க்கிற பொருள் பக்கத்தில் வந்தாலும் தூரப் போனாலும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் அந்த ஒரே தூரத்துக்குத்தான் குவிந்து நிற்கும். இரண்டு கண்ணும் உள்ளே திரும்புவதோ பொருளின் தூரத்துக்குத் தக்கபடி. பிறந்த நாளிலிருந்து சேர்ந்தே வேலை செய்த இரண்டு தசைகள் அங்கே ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. பெரியவர்களுக்குக் கண் அசந்துபோகும், தலை வலிக்கும், அவ்வளவுதான். யாழினிக்கு ஏழு வயது. கண்ணும் மூளையும் சேர்ந்து பழகிமுடியாத வயது. ஒரு கண் சரியாகப் பார்க்கப் பழகாத அந்தச் சோம்பேறிக் கண்ணுக்கு உனக்கு ஒட்டுப் போட்டு, ஒரு வருஷம் நீயும் அழுது அம்மாவும் அழுததை மறந்திருக்கமாட்டாய். அது குடும்பத்தில் தொடர்ந்து வருகிற விஷயம்.

இன்னொன்று, பி.டி., அதாவது இரண்டு கண்மணிக்கும் நடுவே உள்ள தூரம். ஏழு வயதுப் பிள்ளைக்கு 50-லிருந்து 55 மில்லிமீட்டருக்குள்தான் வரும். எதிர்வீட்டுப் பையன் கொண்டுவந்த குவெஸ்ட் 2 என்கிற ஹெட்செட்டைப் பிரித்துப் பார்த்தேன், 58, 63, 68 என்று மூன்றே நிலை. அதாவது உன் மகளுக்குச் சரியான இடமே அதில் கிடையாது. கடையில் ஒரு பையன் இப்படி பி.டி. தப்பாக லென்ஸ் போட்டுக் கொடுத்திருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா? செய்கிற கம்பெனியே 13 வயதுக்கு மேல் என்று வைத்திருந்து, 2023-இல்தான் பெற்றோர் சம்மதத்தோடு 10 வயது என்று இறக்கியது. ஏழு இல்லை. பத்து நிமிஷத்துக்கு மேல் மாட்டவிடாதே. வெளிச்சம் குறைந்த அறையில் வேண்டாம். கழற்றியதும் ஜன்னல் வழியே தூரத்து மரத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்.

கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கிறேன் என்று நினைக்காதே. சோம்பேறிக் கண்ணுக்கே இதே மாதிரிப் பெட்டியில் இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு படம் காட்டுகிற வைத்தியம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தருகிற எஃப்.டி.ஏ. 2021-இல் 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு அதை அனுமதித்தது. டாக்டர் அளந்து கொடுத்து, பக்கத்தில் ஆள் இருந்து பார்க்கிற காரியம் அது. தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது இப்படி வேறோர் உலகத்தைக் காட்டி வலியை மறக்கடிப்பதை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1990-களிலேயே ஆரம்பித்திருக்கிறார்கள். ஒட்டு போடாமல் கண் சரியாகுமென்றால் அதைவிடச் சந்தோஷம் எனக்கு என்ன இருக்கிறது? உனக்கு வராமல் போயிற்றே என்றுதான் இருக்கிறது.

எதிர்வீட்டுப் பையன் என்று சொன்னேனே, நம் சரவணன் மகன், இன்ஜினியரிங் படிக்கிறான். நான் கேட்டேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்செட்டை வீட்டுக்கே எடுத்துவந்தான். ஹாலில் சோபாவை ஒதுக்கிவிட்டு என்னை நடுவில் நிறுத்தி மாட்டினான். ஒரு லிஃப்ட். கதவு திறந்தால் ஏதோ ஊரில் ஒரு கட்டடத்தின் உச்சி. வாசற்படிக்கு வெளியே ஒரே ஒரு பலகை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே ரோடு, ஊர்ந்து போகிற கார்கள்.

"நடங்க தாத்தா, தரைதான்" என்கிறான் பையன்.

தரைதான் என்று எனக்கும் தெரியும். உள்ளங்காலில் நம் வீட்டு மொசைக் சில்லென்று இருக்கிறது. குக்கர் விசில் கேட்கிறது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பதும் கேட்கிறது. ஆனால் கால் பெயரமாட்டேன் என்கிறது. எனக்குத் தெரிந்தது என் முழங்காலுக்குத் தெரியவில்லை. எப்படியோ இரண்டு எட்டு வைத்துவிட்டுக் குனிந்து பலகையைப் பிடிக்கப் போனேன். அங்கே பலகை ஏது? டீப்பாய் மேல் கையை இடித்துக்கொண்டதுதான் மிச்சம். அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கிற நேரத்தில் காலுக்கடியில் எதுவோ விலகுகிற மாதிரி உடம்பு தூக்கிப்போட்டது. பார்த்தது பொய் என்று மனசு தள்ளிவிட்டது, உடம்பு தள்ளவில்லை.

அடுத்து ரோலர் கோஸ்டர் என்று ஒன்றைப் போட்டான். பாதியிலேயே குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஓடுகிறோம் என்கிறது கண். உட்கார்ந்துதான் இருக்கிறாய் என்கிறது காதுக்குள் இருக்கிற சமநிலைக் குழாய். இரண்டு சாட்சியும் முரண்பட்டால் வயிறு புரளும். தலையைத் திருப்பியதும் படம் திரும்ப 20 மில்லி செகண்டுக்கு மேல் ஆனாலே உடம்பு இந்தப் புரட்டைக் கண்டுபிடித்துவிடுமாம். இத்தனை வருஷமாக இன்ஜினியர்கள் பாடுபடுவது அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் என்று பையன் சொன்னான். எனக்கென்னவோ அந்தக் குமட்டல் நல்ல காவல்காரனாகத்தான் பட்டது. யாழினிக்குக் குமட்டுகிறதா என்று கேட்டாயா? குமட்டவில்லை என்று சொன்னால்தான் எனக்கு இன்னும் கவலை.

மெல் ஸ்லேட்டர் என்று ஓர் ஆராய்ச்சியாளர் 2009-இல் எழுதியதைப் பையன் எனக்குத் தமிழில் சொன்னான். இதற்குள் இரண்டு மயக்கம் இருக்கிறதாம். ‘நான் அந்த இடத்தில் இருக்கிறேன்’ என்பது ஒன்று. ‘இங்கே நடப்பது மெய்யாகவே நடக்கிறது’ என்பது மற்றொன்று. பொய் என்று நன்றாகத் தெரிந்தவனுக்கும் இரண்டும் வந்தே தீரும். பலகையில் நின்ற எனக்கு அது புரிந்தது.

பெரியவனுக்குக் கழற்றியதும் கலைந்துவிடும். சின்னப் பிள்ளைக்கு? அதே 2009-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செகோவியா, பெய்லன்சன் என்று இருவர் குழந்தைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு, அவளே திமிங்கிலங்களோடு நீந்துவதாக ஹெட்செட்டில் காட்டுவது. சில நாள் கழித்து, உனக்கு இப்படி நடந்ததா என்று கேட்பது. ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளில் நிறையப் பேர், ஆமாம், நடந்தது என்று சொன்னார்களாம். வெறுமனே கதையாகக் கேட்ட பிள்ளைகளைவிட இவர்களில் அதிகம். உன் மகள் பொய் சொல்லவில்லை, மீனா. அதைத்தான் சொல்லவருகிறேன். அவளைத் திட்டிவிடாதே. அவளுக்கு அது நடந்திருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அதே ஆராய்ச்சியில், ஹெட்செட் இல்லாமல் மனசுக்குள்ளேயே நீந்துவதாக நினைத்துப் பார்க்கச் சொன்ன பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள். ஆக, பெட்டி மட்டும் குற்றவாளி இல்லை. நம் வீட்டிலேயே பார். அப்பத்தா எனக்கு வெத்தலை இடிக்கக் கொடுப்பா, எனக்கு ஞாபகம் இருக்கு என்று நீ இன்றைக்கும் சொல்வாய். அப்பத்தா போனபோது உனக்கு ஒன்றரை வயது. அம்மா சொல்லிச் சொல்லி உனக்குள் உண்டான அப்பத்தா அது. நாங்கள் யாரும் திருத்தவில்லை. திருத்த வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அப்பத்தா இருந்தாள், வெத்தலை இடித்தாள், உன்னை மடியில் வைத்திருந்தாள். நீ பாக்குவெட்டி என்றால், இல்லை இடிகல் என்று சொல்ல வீட்டில் நாலு பேர் இருந்தோம்.

யாழினியின் ஆற்றில் அப்படி யார் இருக்கிறார்கள்? நான் இருந்தேன் என்கிறாள். நான் அங்கே இல்லை. அம்மாச்சி இருந்தாள் என்கிறாள். அவளும் இல்லை. அப்பா இருந்தார் என்கிறாள், அதுவும் அரை ஆளாக. நாளைக்கு அவள் பெரியவளாகி, "நாம எல்லாரும் சேர்ந்து நின்னோமே" என்று கேட்டால், ஆமாம் என்று நான் பொய் சொல்வதா, இல்லை என்று சொல்லி அவள் கையிலிருப்பதைப் பிடுங்குவதா? நரியைப் பரியாக்கின கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பகல் முழுக்கப் பாண்டியன் தடவிப் பார்த்ததெல்லாம் அசல் குதிரைதான், ஒரு குறை சொல்ல முடியாது. ராத்திரி ஆனதும் நரியாகி ஓடியதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஓடுவதற்கு முன்னால், லாயத்தில் ஏற்கெனவே இருந்த நிஜக் குதிரைகளையும் அவை கடித்துக் குதறின. அந்த இடம்தான் இப்போது எனக்கு உறைக்கிறது.

அம்மா இதைப் படித்தால், நீங்கள் மட்டும் டி.வி.யில் திருக்கல்யாணம் பார்க்கவில்லையா என்று கேட்பாள். பார்த்தோம். கொரோனாவில் ஆற்றுப் பக்கமே யாரையும் விடவில்லை. 2021-இல் அழகர்கோயில் வளாகத்துக்குள்ளேயே வைகை மாதிரி ஒன்றைச் செய்து அதில் அழகரை இறக்கினார்கள். அம்மா டி.வி. முன்னால் சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வேறு. ஆனால் அந்த வருஷம் ஆற்றுக்குப் போனோம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. டி.வி.க்கு நாலு பக்கம் சட்டம் உண்டு, அதற்கு இந்தப் பக்கம் நாம் இருக்கிறோம், நம் தரை இருக்கிறது, அணைக்க ஸ்விட்ச் இருக்கிறது. ஹெட்செட்டில் சட்டம் கிடையாது. திரும்பின பக்கமெல்லாம் ஆறுதான். அதனால்தான் மூளை அதை ‘பார்த்தேன்’ என்கிற கணக்கில் எழுதாமல் ‘போனேன்’ என்கிற கணக்கில் எழுதிவிடுகிறது.

இதைத் தாத்தாவின் பயம் என்று தள்ளிவிடாதே. சொன்னால் சிரிப்பாய், "நேத்தும் இறங்குனாரு தாத்தா" என்றாள் பாப்பா. வருஷத்தில் ஒருநாள் விடியக்காலையில் இறங்குகிறவர் உன் வீட்டில் தினமும் இறங்குகிறார். என்ன பட்டு கட்டி வருகிறாரோ என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் அது. அவளுக்கு அது எப்போதும் பச்சைதான், முதலிலேயே தெரியும். அவள்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. தோப்பறைக்காரர்கள் பீய்ச்சுகிற தண்ணீரில் நனையாமல் யாராவது அழகர் பார்த்ததுண்டா?

நீ முதன்முதலில் பார்த்ததைச் சொல்கிறேன், உனக்கு மறந்திருக்கும். ஆழ்வார்புரம் பக்கம் இறங்கினோம். நீ என் தோளில். என் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீரிட்டு அழுகிறாய். சூடப் புகை, துளசி, சேறு, யாரோ ஒருவரின் வியர்வை, எல்லாம் சேர்ந்து மூச்சு முட்டுகிறது. "கோவிந்தா" என்று கூட்டம் பொங்கினபோது நீ பயந்து என் முகத்தைப் பொத்திவிட்டாய். நான் அழகரைப் பார்க்கவில்லை. கண்ணை விலக்கிப் பார்க்கும்போது குதிரையின் பின்பக்கமும் குடையும்தான் போய்க்கொண்டிருந்தன. உன் ஒரு கால் கொலுசு அன்றைக்கு ஆற்றோடு போயிற்று. அம்மா இன்றுவரை என்னைத்தான் சொல்கிறாள். நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, ஆனாலும் நாம் அங்கே இருந்தோம். அந்தக் கூட்டம் விளையாட்டில்லை. 2022-இல் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் செத்தே போனார்கள். பத்திரமாக வீட்டுக்குள் பார்க்கிறாளே என்று நீ சொன்னால் அதற்கும் என்னிடம் முழு பதில் இல்லை.

நிஜ ஆற்றைப் பற்றி நான் பெருமை அடித்துக்கொள்ளவும் முடியாது. அந்தப் படத்தில் அவள் பார்த்த தண்ணீர், திருவிழாவுக்கென்று வைகை அணையிலிருந்து திறந்துவிட்டது. மற்ற நாளில் வந்து பார்த்தால் மணலும் ஆகாயத்தாமரையும் சாக்கடையும்தான். நம் நிஜத்திலும் பாதி ஏற்பாடு பண்ணினதுதான். இருந்தாலும் அந்த ஏற்பாட்டைச் செய்கிறவனும், பார்க்கிறவனும், செருப்பைத் தொலைப்பவனும் ஒரே மணலில் நிற்கிறார்கள்.

உன்னை நினைத்தால் எனக்குப் பெருமைதான், அதில் சந்தேகமே வேண்டாம். கண்ணாடிக் கடைக்காரன் மகள் அந்த ஊரில் போய் வீடு வாங்கி, வேலையையும் பிள்ளையையும் ஒண்டியாக... வேலையையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாள் என்று பார்க்கிறவனிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் போன தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடியோவில் நீயும் பாப்பாவும் மட்டும் வந்தீர்கள். "அவரு வேலையா இருக்காருப்பா" என்றாய். நான் தலையாட்டினேன். நல்லநாளிலுமா வேலை என்று அம்மா கேட்டதற்கு, அமெரிக்காவில் பொங்கலுக்கு லீவு இல்லையடி என்று நான்தான் பதில் சொன்னேன். மாப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினேன், கும்பிடு போட்டு ஒரு பொம்மை பதிலுக்கு வந்தது. அவர் நல்லவர். பாப்பாவோடு வாரம் தவறாமல் அந்தப் பெட்டிக்குள்ளாவது வந்து நிற்கிறார் என்றால் நல்லவர்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அதனால் பெட்டியைத் தூக்கிப் பரணில் போடு என்று சொல்லமாட்டேன். அது அவளுக்கு எந்த வழியாக யாரைக் கொண்டுவருகிறது என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. ஒன்று மட்டும் செய். அவள் கழற்றியதும் பக்கத்தில் உட்கார். என்ன பார்த்தே என்று கேள். அது வீடியோ, போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ எடுத்தது, நீ நம் ஹாலில்தான் நின்றாய், அப்பா அவர் இருக்கிற இடத்திலிருந்து உன்னோடு பேசினார் என்று அவளுக்கு இருப்பதை இருக்கிறபடி சொல். அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல். ஏழு வயதுக்குத் தெரியாதென்று நினைக்கிறோம். காலைத் தேடிப் பார்த்து இல்லை என்று கண்டுபிடித்தவள் அவள். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கழற்றியதும் பக்கத்தில் உட்கார். திரும்பத் திரும்ப எழுதுகிறேன் என்று தெரிகிறது, பரவாயில்லை.

இந்தச் சித்திரைக்கு உங்களால் வரமுடியாது, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். ஜூனில் லீவு விட்டதும் வாருங்கள். அழகர் அப்போது மலைக்குப் போயிருப்பார். பரவாயில்லை, காய்ந்த ஆற்றையே அவள் காலால் மிதித்துப் பார்க்கட்டும். கண் டெஸ்டையும் இங்கேயே செய்துவிடலாம், நானே பி.டி. பார்க்கிறேன். கீழ்வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். இனி வாடகைக்கு விடுவதாக இல்லை. வெள்ளையடித்து, இங்கிலீஷ் டாய்லெட் மாற்றி, ஏ.சி.யும் போடச் சொல்லியிருக்கிறேன். ஒரு மாசம் இருந்தாலும் சரி, அதற்கு மேல் எத்தனை நாள் இருந்தாலும் சரி, யாரும் எதுவும் கேட்கமாட்டோம். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டிக்கெட் போட்டதும் இரண்டா மூன்றா என்று மட்டும் ஒரு வரி அனுப்பு. ஏர்போர்ட்டுக்கு வண்டி சொல்லவேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா